பச்சைப்பசேல் கோவை: நிஜமா, வெறும் தோற்றமா?

கோவை:

சேரன் எக்ஸ்பிரசில் விடிகாலையில் கோவை ஜங்ஷனில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்வது ஒரே விஷயம்தான். "ஊரு குளுகுளுன்னு இருக்கு, எங்க பார்த்தாலும் பச்சையா இருக்கு" என்பார்கள். நம் ஊர்க்காரர்களும் அதைக் கேட்டு சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சிறுவாணி தண்ணி, மருதமலை, சாரல் காற்று என்று நாமும் நாலு வார்த்தை சேர்த்து விடுவோம்.

அதே வெளியூர்க்காரரை சித்திரை மாசம் மதியம் 2 மணிக்கு அவினாசி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நிற்க வைத்துப் பாருங்கள். அப்புறம் என்ன சொல்கிறார் என்று கேட்கலாம்.

கோவை பசுமையான ஊர்தானா? பதில் "ஆமாம்" என்றும் சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம். எந்த இடத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

மழை குறைந்த ஊர்

முதலில் ஒரு உண்மை. கோவை வறண்ட பகுதியில் இருக்கும் ஊர். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மலை பக்கத்திலேயே இருக்கிறதே, மழைக்கு என்ன குறைச்சல் என்று நினைப்பார்கள். அந்த மலைதான் காரணம்.

ஆனி, ஆடியில் அடிக்கும் தென்மேற்கு பருவமழை அரபிக்கடலில் இருந்து வருகிறது. மேற்கு தொடர்ச்சி மலையில் மோதி, கேரளா பக்கம் கொட்டி தீர்த்து விடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது மேகத்தில் சரக்கு இருக்காது. இதைத்தான் மழை மறைவு பகுதி என்கிறார்கள். 50 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் பாலக்காட்டில் வருஷத்துக்கு 2 ஆயிரம் மில்லி மீட்டர் மழை. கோவை நகரில் சராசரி 600 முதல் 700 மில்லி மீட்டர்தான். தமிழ்நாட்டின் சராசரியே 900 மில்லி மீட்டருக்கு மேல். அதையும் நாம் தொடவில்லை.

அப்புறம் எப்படி குளுகுளு? பாலக்காட்டு கணவாய்தான் காரணம். மேற்கு தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோ மீட்டர் அகலத்துக்கு விழுந்த ஒரு பெரிய இடைவெளி அது. அந்த வழியாக ஈரக்காற்று சும்மா ஜிலுஜிலுவென்று வந்து கோவைக்குள் நுழைகிறது. கூடவே கொஞ்சம் சாரல். கடல் மட்டத்தில் இருந்து ஊர் 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதும் ஒரு காரணம். ஆக, நமக்கு வருவது காற்றுதான், மழை இல்லை. உடம்புக்கு சுகமாக இருக்கும். மரத்துக்கு அது போதாது. நமக்கு உருப்படியான மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு பருவமழையும், நடுவில் வந்துபோகும் கோடை மழையும்தான்.

மேற்கே தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் பாக்கும் தென்னையும் செழிப்பாக இருக்கும். கிழக்கே சூலூர் தாண்டிப் போகப்போக வேலமரமும் பனையும் கிளுவை வேலியுமாக மாறிவிடும். ஒரே பஸ்சில் ஒரு மணி நேரத்தில் இரண்டு ஊரையும் பார்க்கலாம். நிஜமான கோவை மண் இந்த இரண்டாவதுதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

யார் வைத்த மரம்?

அப்படி என்றால் நகருக்குள் தெரியும் அந்த பச்சை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மனுஷன் வைத்தது.

கோவையில் பெரிய மரம் எங்கே இருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகம். கவுலி பிரவுன் ரோட்டில் வனத்துறை வளாகம். கரும்பு ஆராய்ச்சி நிலையம். ரேஸ்கோர்ஸ். மத்திய சிறை வளாகம். எல்லாமே நூறு வருஷம் பழசான இடங்கள். வேளாண் கல்லூரி சென்னை சைதாப்பேட்டையில் இருந்து இங்கே மாறி வந்தது 1906-ல். கரும்பு ஆராய்ச்சி நிலையமும் வனக்கல்லூரியும் 1912-ல் வந்தவை. சிறை அதற்கும் முந்தியது. வ.உ.சி. செக்கிழுத்த இடம்.

வெள்ளைக்காரன் காலத்தில் நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் என்று வளைத்து காம்பவுண்டு போட்டார்கள். மரம் வைத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் போட்டார்கள். வெட்டுவதற்கு யாரையும் உள்ளே விடவில்லை. அவ்வளவுதான் ரகசியம்! ஆக, கோவையின் பசுமையில் பெரிய பங்கு அரசாங்க சுவருக்குள் இருக்கிறது. ரோட்டில் போகிறவனுக்கு அந்த நிழல் விழாது, சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கலாம்.

ரோட்டோரம் வைத்தது வேற மரங்கள். மேட்டுப்பாளையம் ரோடு, திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு எல்லாம் புளியும் ஆலும் வேம்புமாக இருந்த ரோடுகள். நகருக்குள் தூங்குமூஞ்சி மரம், மே மாசம் சிவப்பாக பூக்கும் மயில்கொன்றை, மஞ்சளாக பூக்கும் பெருங்கொன்றை. தூங்குமூஞ்சி தென் அமெரிக்கா பக்கத்து மரம். மயில்கொன்றை மடகாஸ்கர் தீவு. சீக்கிரம் வளரும், குடை மாதிரி விரியும் என்று கொண்டுவந்து வைத்தார்கள். நிழலுக்கு குறை சொல்ல முடியாது. ஆனால் மயில்கொன்றைக்கும் பெருங்கொன்றைக்கும் கிளை பலம் கம்மி. காற்று அடித்தால் முதலில் கார் மேலே விழுவது இவைதான்.

நம் மண்ணுக்கு உரிய வேம்பு, புங்கன், வாகை, உசில் இதெல்லாம் மெதுவாக வளரும். மாசி, பங்குனியில் சிலது இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் செய்யும் வேலை அது. இது தெரியாமல் "மரம் பட்டுப்போச்சு, வெட்டிரலாம்" என்று மனு கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வானத்தில் இருந்து பார்த்தால்...

மாவட்டத்தில் இத்தனை சதவீதம் பசுமை என்று அடிக்கடி ஒரு கணக்கு வரும். அதை அப்படியே நகரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கோவை மாவட்டம் என்றால் வால்பாறையும் சேர்த்துதான். ஆனைமலை புலிகள் காப்பகத்தின் காடு, போளுவாம்பட்டி மலை, மேட்டுப்பாளையம் சரகம் எல்லாமே அந்த கணக்கில் வந்துவிடும். வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே இருக்கும் காட்டை வைத்துக்கொண்டு, கணபதியில் நிழல் இருக்கிறது என்று சொன்னால் எப்படி?

நகரத்துக்கு மட்டும் கணக்கெடுத்தாலும் சிக்கல் உண்டு. 2011-ல் மாநகராட்சி எல்லையை பெரிசாக்கினார்கள். வடவள்ளி, துடியலூர், குனியமுத்தூர், குறிச்சி, சரவணம்பட்டி எல்லாம் உள்ளே வந்தது. அப்போது தென்னந்தோப்பும் சோளக்காடும் சேர்ந்தே வந்தது. காகிதத்தில் ஊர் திடீரென்று பசுமையாகிவிட்டது! அந்த தோப்புகள்தான் இன்றைக்கு ஒவ்வொன்றாக சைட் ஆகிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கல் நட்ட இடத்தில் தென்னை எவ்வளவு நாள் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. சேட்டிலைட் படத்தில் பச்சையாக தெரிவதெல்லாம் மரம் கிடையாது. நொய்யல் தண்ணீர் வரும் குளங்களில், சாக்கடையும் கலப்பதால், ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் காலங்கள் உண்டு. மேலே இருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான். சீமைக்கருவேலமும் பச்சைதான். நிழலில் ஒதுங்க முடியுமா?

2010-க்கு முன், 2010-க்கு பின்

முப்பது வயசு தாண்டிய கோவைக்காரர்கள் ஊரின் மரத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். செம்மொழி மாநாட்டுக்கு முன்னாடி, செம்மொழி மாநாட்டுக்கு பின்னாடி.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியாவில் உலகத் தமிழ் செம்மொழி மாநாடு நடந்தது. அதற்காக ரோடுகள் பளபளவென்று மாறின. அவினாசி ரோட்டை அகலப்படுத்தியதில் இரண்டு பக்கமும் நின்ற பழைய மரங்கள் போனது. அதை ஒட்டிய வருஷங்களில் மேட்டுப்பாளையம் ரோடு, திருச்சி ரோடு மரங்களுக்கும் அதே கதிதான். ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் போக வேண்டும், ஷிப்டுக்கு போகிறவர்கள் நேரத்துக்கு போக வேண்டும். ஆனால் மரத்தை வெட்ட ஒரு ராத்திரி போதும், அதே அளவு நிழல் வர 30, 40 வருஷம் ஆகும். இந்த கணக்கை அப்போது பெரிசாக யாரும் பேசவில்லை. பேசிய சில தன்னார்வ அமைப்புகளை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள்.

அந்த அமைப்புகளே பிறகு மரத்தை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடும் வேலையை ஆரம்பித்தன. கிளையை எல்லாம் கழித்து, வேரைச் சுற்றி மண்ணோடு தோண்டி, ஈரச்சாக்கு கட்டி, கிரேனில் தூக்கி வைப்பார்கள். ஆல், அரசு, அத்தி சுலபமாக பிழைத்துக்கொள்ளும். வயசான புளி, வேம்பு பிழைப்பது கஷ்டம். செலவும் அதிகம்.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோ மீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி.நாயுடு பேர் வைத்திருக்கிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கு நிம்மதி. கீழே நடக்கிறவர்களுக்கு நிழல் என்றால் இப்போது பாலத்தின் நிழல்தான்.

அதே 2010 மாநாட்டில் அறிவித்த செம்மொழி பூங்கா, காந்திபுரம் சிறை வளாக இடத்தில் 45 ஏக்கரில் 2025 நவம்பரில்தான் திறப்பு விழா கண்டது. பதினைந்து வருஷம்! பார்க்க அழகாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம். ஆனால் மதியம் சவாரி இல்லாத நேரத்தில் ஆட்டோவை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. இளநீர் வண்டியையும் தள்ளிக்கொண்டு போக முடியாது.

நிழல்தான் கடை

இதுதான் விஷயம். ரோட்டோர மரம் என்பது காரில் ஏசி போட்டுப் போகிறவர்களுக்கு அழகு. செருப்பு தைப்பவர், இளநீர் வெட்டுபவர், கம்பங்கூழ் விற்கும் அக்கா, பஞ்சர் கடைக்காரர், துப்புரவு பணியாளர், ஆட்டோ ஸ்டாண்டு, டெலிவரி பையன்கள், இவர்களுக்கு அதுதான் கூரை. கடை போட்டிருக்கும் இடத்தில் மரத்தை வெட்டினால் மறுநாளே வாடிக்கை பாதி. குடை நட்டாலும் தார்பாய் கட்டினாலும் மரத்து நிழல் மாதிரி வராது.

ஏன் வராது? மரம் வேரில் இருந்து தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக விடுகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் மரத்தடியில் காற்று குளிர்கிறது. காற்றின் வெப்பம் 37, 38 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் தார் ரோடு 55 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த சூட்டை அது ராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். தகர கூரைக்கு கீழே படுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிழல் விழுந்த ரோடு அந்த அளவு சூடு வாங்குவதே இல்லை. தார்பாய் வெயிலை மறைக்கும், ஆனால் தானும் சூடாகி கீழே இறக்கும்.

நான் போட்ட செய்தி

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஒரு ஜூன் 5, உலக சுற்றுச்சூழல் தினம். ஒரு பெரிய ரோட்டோரம் மரக்கன்று நடும் விழா. வெட்டிய ஒரு மரத்துக்கு 10 கன்று என்று கணக்கு சொன்னார்கள். பச்சை துண்டு, பூவாளி, போட்டோ எல்லாம் இருந்தது. நானும் நாலு பத்தி செய்தி கொடுத்தேன். தலைப்பு கூட நன்றாகவே வந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன். கம்பி கூண்டு வரிசையாக நின்றது. ஸ்பான்சர் செய்தவர் பேர் எழுதிய தகடு பளிச்சென்று இருந்தது. உள்ளே கன்று இருந்தது எட்டில் ஒன்றில்தான் இருக்கும். சிலதில் டீக்கடை பேப்பர் கப். ஏனுங் தம்பி எதை எண்றீங்க என்று பக்கத்து கடைக்காரர் கேட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். வன ஊழியர்கள், நர்சரிக்காரர்கள் சொன்ன காரணம் ரொம்ப சாதாரணம். ஜூன் மாசம் கோவையில் கன்று நட சரியான மாசமே இல்லை! ஜூனில் மழை கேரளாவில்தான் பெய்யும். இங்கே கணவாய் காற்றுதான் அடிக்கும். ஈரம் போல தெரிந்தாலும் அந்த காற்று மண்ணையும் இளம் இலையையும் காய வைத்துவிடும். முட்டு கொடுக்காத கன்று ஆடிக் காற்றில் ஆடி ஆடி வேர் பிடிக்காமலே போய்விடும். ஜூலை முதல் வாரம் வரும் வன மகோத்சவத்துக்கும் இதே கதிதான். நாடு முழுக்க ஒரே தேதி, நம் ஊர் மழைக்கு வேற தேதி.

புரட்டாசி கடைசியில் குழி எடுத்து, ஐப்பசி முதல் மழையில் வைத்தால் கார்த்திகை வரை வானமே பார்த்துக்கொள்ளும். தையில் இருந்து சித்திரை வரை வாரம் ஒரு தடவையாவது லாரி தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு வருஷம், மூன்று வருஷம் தாண்டினால் அப்புறம் மரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். முழங்கால் உயர கன்று ரோட்டோரத்துக்கு ஆகாது, ஆறு அடிக்கு குறையாமல் வேண்டும். ஆடு எட்டாத உயரம் அது.

பக்கத்து திருப்பூர் நம்மை விட வறண்ட ஊர். அங்கே 2015-ல் ஆரம்பித்த "வனத்துக்குள் திருப்பூர்" திட்டத்தில் இந்த சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டக்காரர் வேலியும் சொட்டுநீர் குழாயும் தயார் செய்தால்தான் கன்று தருவார்கள். அதனால்தான் லட்சக்கணக்கில் நட்டதில் நிறைய பிழைத்தது. ஆனால் அது தனியார் நிலம். ரோட்டுக்கு யார் சொட்டுநீர் போடுவது என்பதுதான் நம் பிரச்சினை.

இருக்கிற மரத்தை சாகடிப்பது எப்படி?

கோடாலி இல்லாமலே நம் ஊரில் மரம் சாகிறது. நடைபாதை போடுகிறேன் என்று அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக்கும் சிமெண்டும் போட்டுவிடுகிறார்கள். மழை தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்கு காற்றும் கிடைக்காது. டெல்லியில் இதுபற்றி வழக்கு வந்து, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு சிமெண்டை எடுக்கச் சொல்லி 2013-லேயே தேசிய பசுமை தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நம் வீதிகளில் ஒரு சாண் கூட விடுவதில்லை.

அடுத்து கேபிள் குழி. ஒரு பக்க வேரை முழுசாக வெட்டிவிடுவார்கள். மேலே கரண்ட் கம்பிக்காக இன்னொரு பக்க கிளையை கழிப்பார்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆடியில் காற்று அடிக்கும்போது மரம் விழும். உடனே "ஆபத்தான மரம்" என்று பக்கத்து மரங்களுக்கும் சேர்த்து மனு போகும். டியூஷன் சென்டர் விளம்பர தகட்டுக்கு ஆணி, அடியில் குப்பை கொளுத்துவது, ராத்திரியோடு ராத்திரியாக ஆசிட் ஊற்றுவது என்று பட்டியல் நீளும். கடை போர்டை மறைக்கிறது என்பதற்காக ஆசிட் ஊற்றிய மரத்தை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் கருகி நின்றது.

பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டும் என்றால் கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வெட்டுகிறவர்களிடம் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காட்டவில்லை என்றால் போட்டோ எடுத்து வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கோ மனு கொடுக்கலாம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தில் 23.7 சதவீதமாக இருந்த பசுமை பரப்பை 10 வருஷத்தில் 33 சதவீதம் ஆக்குவது. மனுவில் அதையும் ஒரு வரி எழுதுங்கள், அதிகாரிகள் கொஞ்சம் கவனித்துப் படிப்பார்கள்.

நான் செய்தி போட்ட அந்த ரோட்டுக்கு போன மாசம் மறுபடியும் போயிருந்தேன். கூண்டுகளை பழைய இரும்புக்கு யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டு ஓரத்தில் மட்டும் ஒரு புங்கன் நிற்கிறது. வண்டி கழுவும் தண்ணீரில் தினம் ஒரு பக்கெட் அதற்கு என்று ஸ்டாண்டு ஆட்கள் முறை வைத்து ஊற்றியிருக்கிறார்கள். சிமெண்டையும் கடப்பாரையால் அவர்களே சுற்றிலும் உடைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு ஆட்டோவுக்கு நிழல் வந்திருக்கிறது. மூன்றாவதாக நிற்கும் வண்டி இன்னும் வெயிலில்தான்.